ஜெர்சி வூலி: ஒரு குள்ள உரோம முயல் தனி இனமான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரின் செல்லப்பிராணிக் கடைகளில் நீண்ட உரோமமுள்ள சின்ன முயல்கள் பல பெயர்களில் விற்கப்படுகின்றன. ஒரே கூண்டில் இருக்கும் இரண்டு குட்டிகளில் ஒன்றை அங்கோரா என்றும் மற்றொன்றை ஜெர்சி வூலி என்றும் சொல்லி வெவ்வேறு விலை கேட்பதும் உண்டு. பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்கும் முன், அந்தப் பெயர் ஒரு முயலுக்கு எப்படிக் கிடைக்கிறது என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். ஜெர்சி வூலி உருவான விதம், அது அங்கீகாரம் பெற்ற வழி, நம் ஊர் வெப்பத்தில் அதை வளர்ப்பதிலுள்ள சிரமம் ஆகியவற்றைப் பற்றி நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

ஜெர்சி வூலி எப்படிப்பட்ட முயல்?

வளர்ந்த பிறகும் ஒன்றரைக் கிலோ அளவிலேயே நின்றுவிடும், நீண்ட உரோமமுள்ள குள்ள முயல் இது. அமெரிக்கத் தர வரையறையின்படி அதிகபட்ச எடை 3.5 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1.6 கிலோ, விரும்பத்தக்க எடை 3 பவுண்டு. தலை உருண்டையாகவும் முகம் குட்டையாகவும் இருக்கும். காதுகள் சிறியவை, நிமிர்ந்தவை. முகத்தில் உரோமம் குட்டையாகவும், உடம்பில் 2 முதல் 3 அங்குலம் வரை நீண்டும், இரு காதுகளுக்கு இடையே ஒரு சிறு கொண்டை போலவும் அமைந்திருக்கும். சாதுவான குணத்தால், 'உதைக்காத முயல்' என்ற செல்லப்பெயரும் அதற்கு அமெரிக்க வளர்ப்பாளர்களிடையே உண்டு. அந்தப் பெயரை நம்பி, பழகாத குட்டியை அலட்சியமாகத் தூக்கிவிட வேண்டாம். பயந்தால் எந்த முயலும் உதைக்கும், அந்த உதையில் அதன் முதுகெலும்பே முறியக்கூடும்.

இதை உருவாக்கியவர் யார்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹை பிரிட்ஜ் என்னும் ஊரைச் சேர்ந்த பானி சீலி என்ற பெண்மணி, 1970-களில் இந்த முயற்சியைத் தொடங்கினார். அவர் வாழ்ந்த மாநிலத்தின் பெயரே இனத்தின் பெயரில் முதலில் நிற்கிறது. அங்கோராவின் உரோம அழகும், வீட்டுக்குள் வளர்க்கத் தோதான சிறிய உருவமும், தினமும் சீப்புப் பிடிக்கத் தேவையில்லாத எளிமையும் ஒரே முயலில் வாய்க்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். இதற்காக அவர் பிரெஞ்சு அங்கோராவையும் நெதர்லேண்ட் டுவார்ஃப் என்னும் குள்ள முயலையும் இணை சேர்த்தார். பிரெஞ்சு அங்கோரா 3.4 கிலோவுக்குக் குறையாது, 4.8 கிலோ வரை போகும். நெதர்லேண்ட் டுவார்ஃபோ 1.1 கிலோவைத் தாண்டக்கூடாது. இவ்வளவு வேறுபட்ட இரண்டு முயல்களின் வழித்தோன்றல்களைத்தான் அவர் ஒரே அச்சுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

இரண்டு இனங்களை இணை சேர்த்தவுடன் புதிய இனம் கிடைத்துவிடாதா? ஏன் அத்தனை ஆண்டுகள்?

கடைகளில் நடக்கும் பெயர்க் குழப்பம் முழுவதும் இந்த ஒரு விஷயம் புரியாததால் வருவது என்று நான் கருதுவதால், இதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

அங்கோரா உரோமம் ஓர் ஒடுங்கு பண்பு. உரோம வளர்ச்சியை உரிய நேரத்தில் நிறுத்தச் சொல்லும் ஒரு மரபணு, எஃப்.ஜி.எஃப்.5 என்பது அதன் பெயர், மாறிப்போயிருப்பதால் அங்கோராவின் உரோமம் நிற்க வேண்டிய கட்டத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போகிறது. ஆனால் அந்த மாறிய மரபணுவைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் பெற்ற குட்டிக்கு மட்டுமே நீண்ட உரோமம் வரும். ஆகவே அங்கோராவையும் குள்ள முயலையும் இணை சேர்த்துப் பிறக்கும் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாமே சாதாரணக் குட்டை உரோமத்துடன்தான் இருக்கும். நீண்ட உரோமத்துக்கான மரபணு அவற்றுள் மறைந்திருக்கும், வெளியே தெரியாது.

குள்ளத்தன்மை இதற்கு நேர்மாறாக இயங்குகிறது. அதற்கான மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே முயல் குள்ளமாகிவிடும். இரண்டு பிரதிகள் சேர்ந்தால் குட்டி பிழைக்காது. இப்போது முதல் தலைமுறையில் குள்ள மரபணுவைப் பெற்ற ஆணையும் பெண்ணையும் இணை சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். பிறக்கும் குட்டிகளைச் சராசரியாக 16 என்று கணக்கிட்டால், 4 குட்டிகள் இரட்டைக் குள்ள மரபணுவால் இறந்துவிடும். நீண்ட உரோமமும் குள்ள உருவமும் சேர்ந்து அமைந்து பிழைப்பவை 2 மட்டுமே. குள்ள முயல்கள் ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு குட்டிகளே போடும் என்பதால், அந்த இரண்டு குட்டிகளுக்காக ஐந்தாறு ஈற்றுகள் வரை காத்திருக்க நேரலாம்.

அப்படிக் கிடைத்த இரண்டும்கூட ஜெர்சி வூலி ஆகிவிடுவதில்லை. உடல் அளவைத் தீர்மானிப்பவை குள்ள மரபணுவைத் தவிர வேறு பல மரபணுக்களும்தான். அங்கோராவின் நீண்ட முகம், நீண்ட உடல், பெரிய காது ஆகியவை பேரக்குட்டிகளிலும் தொடர்ந்து தலைகாட்டும். அவற்றைக் குறைக்க மறுபடியும் ஒரு நெதர்லேண்ட் டுவார்ஃபுடன் இணை சேர்த்தால், அடுத்த தலைமுறையில் நீண்ட உரோமம் மீண்டும் மறைந்துவிடும். அதை வெளிக்கொணர இன்னொரு தலைமுறை வேண்டும். முயலின் கர்ப்பகாலம் 31 நாள்தான் என்றாலும், குட்டி வளர்ந்து இணை சேரும் பருவத்தை அடைய ஐந்தாறு மாதங்கள் ஆகும். எனவே உருவத்தில் ஒரு படி முன்னேறி, இழந்த உரோமத்தை மீண்டும் பெறுவதற்கு ஓராண்டுக்கு மேல் செல்லும். நீண்ட உரோமமுள்ள சின்ன முயல் ஒன்றைப் பெறுவதற்கு இரண்டு தலைமுறை போதும். ஒன்றைப் போலவே மற்றொன்று பிறக்கும் முயல் வரிசையைப் பெறுவதற்குத்தான் அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

குள்ள முயல் ஈற்றில் சில குட்டிகள் பிறந்த சில நாள்களிலேயே இறப்பது வளர்ப்பவரின் கவனக்குறைவாலா?

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன இரட்டைக் குள்ள மரபணுக் குட்டிகளை வளர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் வேர்க்கடலையின் பெயரால் 'பீனட்' என்று அழைக்கிறார்கள். உடன்பிறந்தவற்றைவிட மிகச் சிறியதாகவும், தலை பெரிதாகவும், காதுகள் மிகக் குட்டையாகவும், பின்பகுதி ஒட்டியும் அவை பிறக்கும். பால் புகட்டியோ சூடு கொடுத்தோ அவற்றைக் காப்பாற்ற இயலாது. 2017-இல் வெளியான ஆய்வு, எச்.எம்.ஜி.ஏ.2 என்ற மரபணு இருக்குமிடத்தில் ஏறத்தாழ 12,100 டி.என்.ஏ. எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு விடுபட்டிருப்பதே முயலின் குள்ளத்தன்மைக்கும் இந்த மரணத்துக்கும் காரணம் என்று காட்டியது.

இந்த இழப்பைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. குள்ள மரபணு இல்லாமல் சற்றுப் பெரிதாகப் பிறக்கும் பெண் முயல்களைக் கண்காட்சிக்கு உதவாது என்று கழித்துவிடாமல் வைத்துக்கொண்டு, குள்ள ஆணுடன் இணை சேர்க்க வேண்டும். அந்த இணையில் பீனட் பிறக்காது. பாதிக் குட்டிகள் குள்ளமாகவும் பாதி சற்றுப் பெரிதாகவும் பிறக்கும். பெரிய உடல் கொண்ட பெண்ணுக்குப் பேறும் எளிது. குட்டிகள் சாவதைக் கண்டு மனம் நோகும் எவருக்கும் இந்த முறையையே பரிந்துரைக்கிறேன்.

அங்கீகாரம் வழங்குவது யார்? அது அரசாங்கச் சான்றா?

அரசாங்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அமெரிக்காவில் இதைச் செய்வது, ஆர்பா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம். 1910-இல் வேறு பெயரில் தொடங்கப்பட்ட இச்சங்கம், தான் ஏற்ற ஒவ்வோர் இனத்துக்கும் எடை, உருவம், உரோமம், நிறம், தகுதியிழப்புக் குறைகள் ஆகியவற்றை விவரிக்கும் தர வரையறை நூலை வெளியிட்டுவருகிறது.

புதிய இனத்தை முன்மொழிபவர் முதலில் அதற்கான வரையறையை எழுதிக் கொடுத்து, உருவாக்கச் சான்றிதழ் பெற வேண்டும். பிறகு சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் தரக் குழுவின் முன் முயல்களை நிறுத்த வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்டவை, அதைக் கடந்தவை என்ற இரு வயதுப் பிரிவிலும் ஆணும் பெண்ணும் வேண்டும். ஒருமுறை தேறினால் போதாது. மூன்று மாநாடுகளில் தேற வேண்டும். ஒரே ஒரு அழகான முயலைக் காட்டி வாங்கிவிட முடியாதபடி அமைந்திருப்பதால் இந்த நடைமுறையை நான் மதிக்கிறேன். ஆண்டுதோறும் வெவ்வேறு முயல்கள் வந்தாலும் அவை ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதே அங்கே சோதிக்கப்படுகிறது.

ஜெர்சி வூலி 1984-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் ஓர்லாண்டோ நகரில் நடந்த மாநாட்டில் முதன்முதலாக அறிமுகமாகி, 1988-இல் அங்கீகரிக்கப்பட்ட இனமாயிற்று. சீலியின் முயல்களை வாங்கிப் பெருக்கிய மற்ற வளர்ப்பாளர்களும் சேர்ந்து உழைத்ததால்தான் நான்கே ஆண்டுகளில் அது நிறைவேறியது. ஒருவர் வீட்டுக் கூண்டுகளுக்குள் மட்டும் இருக்கும் முயல் வரிசை நெருங்கிய உறவுக் கலப்பால் நலிந்துபோகும் என்பதால், அந்தப் பிற வளர்ப்பாளர்களின் பங்கைச் சிறிதென்று எண்ணக்கூடாது.

ஒரு நாட்டில் ஏற்கப்பட்ட இனம் எல்லா நாட்டிலும் ஏற்கப்பட்டதாகுமா?

ஆகாது. பெல்ஜியத்தில் தோன்றிய லயன்ஹெட் முயலைப் பிரிட்டனின் சங்கம் 2002-இல் ஏற்றது. அமெரிக்கச் சங்கம் 2014-இல்தான் ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதே முயல் ஓரிடத்தில் இனமாகவும் மற்றோரிடத்தில் இனமாகாமலும் இருந்தது.

கண்காட்சி நடுவர் ஜெர்சி வூலியில் எதைப் பார்க்கிறார்?

நீண்ட உரோமம்தான் முதன்மை என்று பலர் நினைக்கிறார்கள். அங்கோராவுக்கு அது பொருந்தும். ஜெர்சி வூலியில் உடலமைப்புக்கும் தலைக்குமே கூடுதல் முக்கியத்துவம். உடல் குட்டையாகவும் கச்சிதமாகவும், தோளும் இடுப்பும் நிறைந்தும், தலை உயர்ந்து தோளுக்கு நெருங்கியும் இருக்க வேண்டும். காதின் நீளம் 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பற்கள் சரியாகப் பொருந்தாத முயல் எந்த இனமானாலும் தகுதி இழக்கும். குட்டை முகமுள்ள குள்ள முயல்களில் இந்தக் குறை அதிகம் என்பதால், செல்லமாக வளர்க்க வாங்குபவரும் முன்பற்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

உரோமத்தில் நீளத்தைவிட அதன் தன்மையே பெரிது. முயலின் உரோமத்தில் மென்மையான அடி உரோமமும், அதைவிடத் தடித்து நேராக நிற்கும் மேல் உரோமமும் கலந்திருக்கும். ஜெர்சி வூலியில் மேல் உரோமம் தாராளமாக இருக்க வேண்டும். சிக்கு விழாமல் காப்பது அதுதான். எளிதில் பராமரிக்கக்கூடிய முயல் என்ற நோக்கத்தைச் சீலி அடைந்ததும் அதன் வழியாகவே.

லயன்ஹெட், அமெரிக்கன் ஃபஸி லாப், ஜெர்சி வூலி ஆகியவற்றை எப்படி வேறுபடுத்துவது?

காது தொங்கினால் அது ஜெர்சி வூலி அன்று. ஃபஸி லாப், ஹாலண்ட் லாப் என்னும் தொங்குகாது முயலிலிருந்து வந்தது. ஹாலண்ட் லாப் வளர்த்தவர்கள் அதன் உரோமத்தைச் சீராக்க முன்பு அங்கோராவைக் கலந்திருந்தார்கள். அந்த ஒடுங்கு மரபணு பல தலைமுறை கழித்து நீண்ட உரோமக் குட்டிகளாக வெளிப்பட்டது. அவற்றைக் கழிவாகக் கருதாமல் தனி இனமாக வளர்த்தெடுத்தார்கள். அதன் அங்கீகாரமும் 1980-களின் இறுதியில், ஏறத்தாழ ஜெர்சி வூலியுடனேயே வந்தது.

லயன்ஹெட்டுக்குத் தலையைச் சுற்றிப் பிடரி மட்டுமே நீளும். வளர்ந்த பின் முதுகில் உரோமம் குட்டையாகிவிடும். அந்தப் பிடரி வேறொரு மரபணுவால் வருவது, அதுவும் ஓங்கு பண்பு, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும். ஆகவே எந்தச் சாதாரண முயலுடன் கலந்தாலும் முதல் தலைமுறையிலேயே பிடரியுள்ள குட்டிகள் பிறந்துவிடும். நம் ஊர்க் கடைகளில் லயன்ஹெட் சாயலுள்ள கலப்பு முயல்கள் இத்தனை மலிந்திருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. எட்டு வாரக் குட்டியில் மூன்றையும் பிரித்தறிவது பழகியவருக்கே கடினம் என்பதால், பெற்றோரைக் காட்டும்படி கேளுங்கள்.

கடைக்காரர் ஜெர்சி வூலி என்கிறார். உண்மையா என்று எப்படி உறுதிசெய்வது?

வம்சாவளிச் சான்றைக் கேட்க வேண்டும். அதில் முயலின் பெற்றோர், பாட்டன் பாட்டி, அவர்களுடைய பெற்றோர் என மூன்று தலைமுறை மூதாதையர் பதிவாகியிருப்பார்கள். பெயர், காது எண், நிறம், எடை ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க முறையில் வளர்ப்பாளர் தம் முயலின் இடது காதில் பச்சை குத்தி எண் இடுவார். சான்றிலுள்ள எண்ணும் காதிலுள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சான்று இல்லையென்றால், அது உரோமமுள்ள ஒரு சின்ன முயல். ஜெர்சி வூலி என்ற பெயருக்காகக் கூடுதல் ரிங்கிட் கொடுக்கத் தேவையில்லை.

சான்றில்லாத முயல் தாழ்ந்தது என்று இதற்குப் பொருளன்று. இனச் சான்று கண்காட்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் தேவை. பிள்ளைகள் பாசம் காட்டி வளர்க்க, பற்களும் கண்களும் சுத்தமாகவும் வயிறு நன்றாகவும் உள்ள எந்த முயலும் தகுதியானதே.

கோலாலம்பூர் வெப்பத்தை இது தாங்குமா?

உதவியில்லாமல் தாங்காது. முயலால் வியர்த்து உடலைக் குளிர்விக்க முடியாது. காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியாகவே பெருமளவு வெப்பத்தை வெளியேற்றும். ஜெர்சி வூலிக்கோ காது சிறிது, உடலெங்கும் உரோமம். நம் நகரில் பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 32, 33 டிகிரி வரை ஏறுகிறது, காற்றில் ஈரப்பதமும் மிகுதி. 20 டிகிரிக்கு அருகில்தான் முயலுக்குச் சுகம். குளிரான கேமரன் மலையில் முயல் நலமாக இருப்பதைப் பார்த்துவிட்டு அடுக்குமாடி வீட்டின் மேற்குப் பக்க பால்கனியில் கூண்டு வைப்பவர்களை எண்ணி உண்மையாகவே வருந்துகிறேன்.

முயலை வீட்டுக்குள், வெயில் படாத அறையில், தரையோடு வைத்திருங்கள். நண்பகல் முதல் மாலை வரை குளிர்சாதனம் இருந்தால் நல்லது; விசிறி மட்டும் போதாது. படுத்துக்கொள்ளத் தரை ஓடு ஒன்றும், துணி சுற்றிய உறைந்த தண்ணீர்ப் புட்டியும் வையுங்கள். கண்காட்சி நோக்கம் இல்லாதவர்கள் உரோமத்தை இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கத்தரித்துவிடலாம். தோல் மிக மெல்லியது, எளிதில் கிழியும் என்பதால் கத்தரிக்கோலைச் சீப்புக்கு மேலாகவே ஓட்ட வேண்டும். முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, மூக்கு நனைந்து தளர்ந்து கிடந்தாலோ, காதுகளைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். பனிநீரில் அமிழ்த்தக்கூடாது, அந்த அதிர்ச்சியே உயிரைப் பறிக்கலாம்.

வெப்பம் ஆண் முயலின் விந்து வளத்தையும் குறைக்கிறது. சினை பிடிக்கவில்லை என்று பெண் முயலை மாற்றும் முன் அறையின் வெப்பத்தைப் பாருங்கள்.

உரோமத்தைப் பராமரிப்பது எப்படி?

வளர்ந்த ஜெர்சி வூலிக்கு வாரம் ஒருமுறை சீவினால் பெரும்பாலும் போதும். உரோமம் உதிரும் காலத்தில் அடிக்கடி சீவ வேண்டும். ஆறு மாதம் வரையிலான குட்டி உரோமம் பஞ்சு போன்றது, விரைவில் சிக்கு விழும். அந்த வயதில் சலிப்படைந்து முயலைக் கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். மேல் உரோமம் வளர்ந்துவிட்டால் வேலை பாதியாகிவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தால் பொறுத்திருப்பார்கள். குளிப்பாட்டக்கூடாது.

முயலால் வாந்தி எடுக்க முடியாது. நாக்கால் நக்கி விழுங்கிய உரோமம் குடலோடு போயாக வேண்டும். அதற்கு நார்ச்சத்து ஓயாமல் உள்ளே செல்ல வேண்டும். உலர்ந்த திமோத்திப் புல் எந்நேரமும் தட்டில் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் புல் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் சிறிது சிறிதாக வாங்கி வையுங்கள். கங்கோங் கீரையை மட்டும் போட்டு முயல் வளர்க்க முடியாது. அரைநாள் சாப்பிடாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதன் உரோமத்தை நூற்று விற்க முடியுமா?

நூற்கலாம், ஆனால் வருமானம் எதிர்பார்க்க வேண்டாம். பெரிய ஜெர்மன் அங்கோரா ஆண்டுக்கு ஒரு கிலோவுக்கு மேலும் உரோமம் தரும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள இந்த முயல் செல்லமாக வளர்க்கவே உருவாக்கப்பட்டது.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்கலாமா?

இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் நலச் சான்றும் தேவை. பணம் கட்டும் முன் கால்நடைச் சேவைத் துறையிடம் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, முயலுக்கும் தகுந்த உணவும் இடமும் சிகிச்சையும் தருவது உரிமையாளரின் கடமை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மலேசியாவிலேயே புதிய சிறு முயல் இனம் ஒன்றை உருவாக்க முடியுமா?

முடியும் என்றே நம்புகிறேன். ஆனால் இங்கே தேவைப்படுவது நீண்ட உரோமமுள்ள இன்னொரு குள்ள முயல் அன்று. வெப்பத்தைத் தாங்கும், குட்டை உரோமமும் சற்று நீண்ட காதும் கொண்ட சின்ன முயல். சீலி தம் வீட்டுக்கு எது பொருந்தும் என்று யோசித்துத் தொடங்கினார். நாமும் நம் அடுக்குமாடி வீடுகளுக்கு எது பொருந்தும் என்று யோசித்தே தொடங்க வேண்டும். ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய வேலை அன்று இது. கோலாலம்பூரிலும் பினாங்கிலுமாக ஐந்தாறு வளர்ப்பாளர்களாவது ஒரே வரையறையை எழுதி ஒப்புக்கொண்டு, ஆண் முயல்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் ஈற்றிலிருந்தே ஒவ்வொரு குட்டிக்கும் காது எண் இட்டு, பிறந்த நாள், பெற்றோர் எண், வாராந்திர எடை, ஆறாம் மாத எடை, காது நீளம், இறந்திருந்தால் எந்த நாளில் என்பது வரை ஒரே ஏட்டில் எழுதிவர வேண்டும். விற்ற குட்டிகளையும் கொடுத்துவிட்ட குட்டிகளையும் அந்த ஏட்டிலிருந்து விட்டுவிடக்கூடாது.